ஊருக்கெல்லாம் நம்பர் கொடுத்த கணக்குப்பிள்ளை: ஜான் போஸ்டல்

எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு பெருசா எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா எடிட்டோரியல் டீம் திருத்திடுவாங்கன்னு நம்பி ஆரம்பிக்கிறேன்.

போன செமஸ்டர்ல நடந்தது இது. எங்க ப்ராஜெக்ட் டேட்டா முழுக்க டிபார்ட்மென்ட் லேப்ல இருக்கிற ஒரு லினக்ஸ் சர்வர்ல இருந்தது. அதிலிருக்கிற ஃபோல்டரை என்எஃப்எஸ் மூலமா எங்க சிஸ்டத்துல மவுன்ட் பண்ணித்தான் வேலை செய்வோம். ஒரு சனிக்கிழமை கரண்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் கைவிட்டுடுச்சு, சர்வர் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. திங்கட்கிழமை வந்து மவுன்ட் கமாண்ட் கொடுத்தா, கர்சர் அப்படியே நிக்குது. எரர் கூட வரல. புதன்கிழமை செகண்ட் ரிவியூ!

பிங் பண்ணினா பதில் வருது. அப்போ மெஷின் உயிரோட இருக்கு, கேபிளும் சரி. என்எஃப்எஸ்ஸோட போர்ட் 2049 திறந்திருக்கு. போர்ட்மேப்பரோட 111-ம் திறந்திருக்கு. ஆனாலும் மவுன்ட் ஆகல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப் அண்ணா வந்து, ஆர்பிசிஇன்ஃபோ கமாண்டைப் போட்டுப் பாருங்கடான்னு சொன்னார். அப்போதான் விஷயம் புரிஞ்சுது. நாங்க யூஸ் பண்ணினது என்எஃப்எஸ் வெர்ஷன் 3. அதுல மவுன்ட் வேலையைப் பார்க்கிற புரோகிராமுக்கு நிலையான போர்ட் நம்பர் கிடையாது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் காலியா கிடைச்ச ஒரு போர்ட்ல போய் உட்கார்ந்துக்கிட்டு, நான் இங்கே இருக்கேன்னு 111-ல இருக்கிற போர்ட்மேப்பர்கிட்ட சொல்லி வைக்கும். யாரோ ஒரு சீனியர் அந்த நேரத்து நம்பரைப் பார்த்து ஃபயர்வால்ல திறந்து விட்டுட்டுப் போயிருக்கார். ரீஸ்டார்ட் ஆனதும் நம்பர் மாறிடுச்சு. ஃபயர்வாலுக்குப் புது நம்பர் தெரியாது. அது பாக்கெட்டை வாங்கி சத்தமில்லாம கீழே போட்டுக்கிட்டே இருந்திருக்கு.

கான்ஃபிக் ஃபைல்ல அந்த புரோகிராமுக்கு ஒரே நம்பரை நிரந்தரமா எழுதி, அதை ஃபயர்வால்ல திறந்தோம். ஃபோல்டர் வந்துடுச்சு. ரிவியூவும் தப்பிச்சுது.

அன்னிக்கு ராத்திரி ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். யூனிக்ஸ், லினக்ஸ் மெஷின்கள்ல ஈடிசி டைரக்டரிக்குள்ள சர்வீசஸ்னு ஒரு ஃபைல் இருக்கும். வரிக்கு ஒரு சர்வீஸ் பேர், பக்கத்துல ஒரு நம்பர். எஃப்டிபி 21, எஸ்எஸ்எச் 22, டெல்நெட் 23, மெயிலுக்கு 25. நம்பர் நிலையா இல்லாததால மூணு நாள் அலைஞ்ச எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்த நம்பரை எல்லாம் நிலையா வச்சது யாரு? உலகத்துல இருக்கிற எல்லா மெஷினும் 25-னா மெயில்னு ஏன் ஒத்துக்குது?

தேடிப் பார்த்தா ரொம்ப வருஷத்துக்கு இந்தக் கணக்கை வச்சிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு மனுஷன். பெயர் ஜான் போஸ்டல். அவர் கதைதான் இது.

நோட்டுப் புத்தகம்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஆல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். படித்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் ஹைஸ்கூல். பின்னாளில் இன்டர்நெட்டை உருவாக்கியவர்களாகப் பெயர் வாங்கிய விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் இருவரும் அதே ஸ்கூல்தான். அங்கிருந்து யுசிஎல்ஏ. 1966ல் இன்ஜினியரிங் டிகிரி, 1968ல் மாஸ்டர்ஸ், 1974ல் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்டி.

அவர் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு லேப்பில் இருந்த காலத்தில்தான் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பணத்தில் ஆர்ப்பாநெட் தொடங்கியது. அதன் முதல் நோடு 1969 செப்டம்பரில் யுசிஎல்ஏவில், பேராசிரியர் லியோனார்ட் கிளைன்ராக்கின் லேப்பில் வந்து இறங்கியது. அந்தக் கூட்டத்தில் நம்மைப் போல ஒரு ஸ்டூடன்டாக போஸ்டலும் இருந்தார்.

மெஷினும் வயரும் இருந்தால் மட்டும் நெட்வொர்க் ஆகிவிடாது. யார் யாரிடம் எப்படிப் பேசுவது என்று ஒப்பந்தம் வேண்டும். கிராக்கர் 1969 ஏப்ரலில் அந்த ஒப்பந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். ஆர்எஃப்சி என்று நாம் படிக்கிறோமே, அதுதான். கருத்து சொல்லுங்கள் என்று கேட்கிற அடக்கமான பெயர். நாளாக ஆக அந்தக் குறிப்புகளைத் திருத்துவது, நம்பர் போடுவது, வெளியிடுவது எல்லாமே போஸ்டல் கைக்கு வந்தது. சாகும் வரை, ஏறக்குறைய 28 வருஷம், அவர்தான் ஆர்எஃப்சி எடிட்டர்.

இன்னொரு வேலையும் சேர்ந்தே வந்தது. ஒரு மெஷினில் பல சர்வீஸ்கள் ஓடும்போது எந்தக் கதவைத் தட்டினால் எது திறக்கும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அன்று அதற்கு சாக்கெட் நம்பர் என்று பெயர். ஆளாளுக்கு ஒரு நம்பரை எடுத்துக்கொண்டால் குழப்பம். 1972 மே மாதம் போஸ்டல் ஆர்எஃப்சி 349 எழுதினார். மிகச் சின்னக் குறிப்பு. இந்த நம்பர்களைக் கொடுக்க ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று எழுதிவிட்டு, அது நானாக இருக்கலாமோ என்று பிராக்கெட்டில் ஒரு கேள்விக்குறியோடு போட்டிருந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்!

நம்ம ஊரில் அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார் என்று தாத்தா சொல்வார். எந்தச் சர்வே நம்பர் யாருடைய நிலம் என்பது அவர் புத்தகத்தில் இருக்கும். நிலம் அவருடையது இல்லை. ஆனால் அவர் தப்பாக எழுதினால் ஊரில் வெட்டுக்குத்து. போஸ்டல் செய்தது கிட்டத்தட்ட அந்த வேலை. நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய லிஸ்ட்.

21, 23, 25: நடுவில் என்ன ஆச்சு?

சர்வீசஸ் ஃபைலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பழைய சர்வீஸ்கள் நிறைய ஒற்றைப்படை. 7, 9, 13, 17, 19, 21, 23, 25. இது ஏதோ ராசி நம்பர் கிடையாது. டிசிபிக்கு முன்னால் ஆர்ப்பாநெட்டில் ஓடிய என்சிபி என்ற புரோட்டோகாலில் ஒரு கனெக்‌ஷன் ஒரு திசையில் மட்டும்தான் போகும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு சாக்கெட் வேண்டும், ஒன்று ஒற்றைப்படை, ஒன்று இரட்டைப்படை. டிசிபி வந்ததும் ஒரே போர்ட்டில் போக்குவரத்து இரண்டும் முடிந்தது. இரட்டைப்படை நம்பர்கள் நிறைய காலியாகவே நின்றன.

அப்படிக் காலியாக இருந்த ஒன்றுதான் 22. 1995 ஜூலையில் பின்லாந்தின் டாட்டு யூலோனன், டெல்நெட்டில் பாஸ்வேர்ட் திறந்த நிலையில் போகிறது என்பதால் எஸ்எஸ்எச் எழுதியிருந்தார். எஃப்டிபிக்கும் டெல்நெட்டுக்கும் நடுவில் இருக்கிற 22 கிடைக்குமா என்று போஸ்டல் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டார். மறுநாளே போஸ்டலுடன் வேலை பார்த்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸிடமிருந்து பதில் வந்துவிட்டது, 22 உங்களுடையது என்று. ஃபீஸ் இல்லை, கமிட்டி இல்லை. நாம் தினமும் லேப் சர்வருக்குள் போகிற கதவு அப்படி வந்தது.

டிசிபி, ஐபி, அப்புறம் பிரச்சனை தேட வழி

1977ல் போஸ்டல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐஎஸ்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். கடைசி வரை அங்கேதான். அந்த வருஷமே டிசிபியைப் பற்றி ஒரு கடுமையான குறிப்பு எழுதினார். ஒரே புரோட்டோகால் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்கிறது, பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி, வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது தனி என்று பிரிக்க வேண்டும் என்றார். அவர், செர்ஃப், டேனி கோஹன் போன்றவர்கள் பேசி 1978ல் அதைப் பிரித்தார்கள். நாம் லேயர் லேயராகப் படிக்கிற ஐபியும் டிசிபியும் தனித்தனியானது அப்போதுதான்.

1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791, 792, 793 அடுத்தடுத்து வந்தன. ஐபி, ஐசிஎம்பி, டிசிபி. மூன்றுக்கும் எடிட்டர் போஸ்டல். அதற்கு முந்தைய வருஷம் வந்த யுடிபி மொத்தமே 3 பக்கம்.

இதில் ஐசிஎம்பியை நாம் கவனிக்க வேண்டும். நெட்வொர்க் எங்கே உடைந்தது என்று சொல்லத்தான் அது இருக்கிறது. நாம் பிங் பண்ணுவது அதன் எக்கோ மெசேஜ். யுடிபி போர்ட்டில் யாரும் இல்லையென்றால் போர்ட் அன்ரீச்சபிள் என்று பதில் வருவதும் அதில்தான். டிசிபியில் மூடிய போர்ட்டைத் தட்டினால் ரீசெட் வரும், அதை யூனிக்ஸ் நமக்கு கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று காட்டும். ரெஃப்யூஸ்ட் வந்தால் பெரும்பாலும் மெஷின் இருக்கிறது, சர்வீஸ் ஓடவில்லை. பதிலே இல்லாமல் நின்றால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே எனக்கு விடை கிடைத்திருக்கும்.

1983 மே மாதம் போஸ்டல் வரிசையாகக் குட்டிக் குட்டி ஆர்எஃப்சிகள் எழுதினார். போர்ட் 7ல் எக்கோ, எதை அனுப்பினாலும் திருப்பி அனுப்பும். போர்ட் 9ல் டிஸ்கார்ட், எதை அனுப்பினாலும் குப்பையில் போடும். போர்ட் 19ல் சார்ஜென், நிறுத்தச் சொல்லும் வரை எழுத்துகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் லைனைச் சோதித்துப் பார்க்கத்தான். ஆனால் 1996ல் பாதுகாப்பு எச்சரிக்கையே வந்தது. ஒரு மெஷினின் சார்ஜெனையும் இன்னொன்றின் எக்கோவையும் கோர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று கொட்டிக்கொண்டே நெட்வொர்க்கை மூழ்கடித்துவிடும். இன்று பெரும்பாலான சர்வர்களில் இவை மூடியே இருக்கும். நல்ல மனசோடு திறந்து வைத்த கதவுகள்.

ஃபைல் ஷேரிங் பக்கமும் அவர் கை இருக்கிறது. எஃப்டிபியை 1971ல் முதலில் எழுதியவர் ஐஐடி கான்பூரின் முதல் பேட்சில் படித்துவிட்டு எம்ஐடி போன அபய் பூஷன் என்ற இந்தியர். அதை டிசிபிக்கு ஏற்ற மாதிரி மாற்றி, 1985 அக்டோபரில் ஆர்எஃப்சி 959 ஆக போஸ்டலும் ரெனால்ட்ஸும் எழுதினார்கள். இன்றும் எஃப்டிபி சர்வர் எழுதுபவர்கள் பார்ப்பது அதைத்தான். ஆர்எஃப்சிகளையே ஒரு காலத்தில் அனானிமஸ் எஃப்டிபியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடிந்தது. யூசர் பெயர் அனானிமஸ், பாஸ்வேர்டாக நம்ம மெயில் ஐடியைக் கொடுப்பது ஒரு மரியாதை. பொய்யாகக் கொடுத்தாலும் பெரும்பாலும் உள்ளே விடும்.

ஒரு நாள் முழுக்க நெட்வொர்க்கை நிறுத்தினார்கள்

பழைய என்சிபியிலிருந்து டிசிபிக்கு மாற 1983 ஜனவரி 1 கெடு. பிளானை எழுதியது போஸ்டல். ஆனால் ஓடுகிற சிஸ்டத்தை யார் தொடுவார்? எல்லோரும் தள்ளிப்போட்டார்கள், நாம் அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடுகிற மாதிரியே. 1982 நடுவில் ஒரு நாள் முழுக்க என்சிபியை நிறுத்தினார்கள். மாறாதவர்களுக்கு அன்று நெட்வொர்க் கிடையாது. சில மாதம் கழித்து இரண்டு நாள் நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் பலருக்குக் கெடு நிஜம் என்று உறைத்தது. அடக்கமான மனுஷன்தான், ஆனால் வேலை என்று வந்தால் பிடிவாதம் உண்டு.

பார்க்க எப்படி இருப்பார் என்றால், நீண்ட தாடி, காலில் செருப்பு. லீவ் கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவார். அவர் எழுதிய இன்னொரு விஷயம் ரொம்பப் பிரபலம். நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு, அடுத்தவர் அனுப்புவதை வாங்கும்போது கொஞ்சம் பொறுத்துப் போ என்ற அர்த்தத்தில் டிசிபி ஆர்எஃப்சியில் ஒரு வரி வைத்தார். போஸ்டல் விதி என்றே அதற்குப் பெயர். எல்லாவற்றையும் பொறுத்துப் போனால் தப்பான புரோகிராம்கள் திருந்தவே திருந்தாது என்று இன்றைய இன்ஜினியர்கள் பலர் அதை எதிர்க்கிறார்கள். 2023ல் வந்த ஆர்எஃப்சி 9413 அந்த வாதத்தையே எடுத்துப் பேசுகிறது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

பணம் வந்தது, சண்டையும் வந்தது

போர்ட் நம்பரோடு ஐபி அட்ரஸ், டொமைன் பெயர் எல்லாம் அவருடைய கணக்கில் சேர்ந்தன. இந்தப் பொறுப்புக்கு ஐயானா என்று பெயர் வந்தது. பெரிய ஆபீஸ் மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் போஸ்டல், ரெனால்ட்ஸ், கூட ஒரு சிலர்.

நாடுகளுக்கு இரண்டெழுத்து டொமைன் கொடுக்கும்போது எது நாடு, எது நாடு இல்லை என்ற தலைவலி வந்தது. அதைத் தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை என்று சொல்லி, ஐஎஸ்ஓ 3166 லிஸ்டில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று முடித்துவிட்டார். தன் கையில் இருக்கிற அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

1995ல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி டாட் காம் பெயர்களுக்கு வருஷம் 50 டாலர் வாங்க ஆரம்பித்தது. பெயர் என்பது பணம் ஆனதும், அதை யார் கட்டுப்படுத்துவது என்று சண்டை தொடங்கியது. அமெரிக்க அரசு, கம்பெனிகள், வக்கீல்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். புதிய டொமைன்கள் சேர்க்க போஸ்டல் முன்னின்று போட்ட திட்டமும் இழுபறியில் நின்றது.

1998 ஜனவரி 28. உலகத்தின் டொமைன் பெயர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ரூட் சர்வர்களை நடத்துபவர்களில் 8 பேருக்கு போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் ரூட் லிஸ்டை நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் மெஷினிலிருந்து எடுக்காமல் ஐயானாவின் மெஷினிலிருந்து எடுங்கள் என்று கேட்டார். அரசாங்க உத்தரவு இல்லை, சட்ட அதிகாரம் இல்லை. 8 பேரும் மாற்றினார்கள். கேட்டது ஜான் என்பதுதான் காரணம்.

யாருடைய பிரவுசரும் நிற்கவில்லை, இரண்டு லிஸ்டும் ஒன்றுதான். ஆனால் வாஷிங்டன் அதிர்ந்துவிட்டது. வெள்ளை மாளிகையில் இந்த விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரா மகசைனர் கடுமையாக எதிர்த்தார். போஸ்டல் அது ஒரு டெஸ்ட்தான் என்று சொல்லி, சில நாளில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொன்னார்.

அவர் செய்தது சரியா? நான் நிறைய யோசித்தேன். அவரை ஹீரோவாகச் சொல்பவர்கள் உண்டு, எல்லை மீறினார் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே உண்மையாகப் படுகிறது. 8 பேர் கேள்வி கேட்காமல் மாற்றினார்கள் என்பது அவர் சேர்த்து வைத்த நம்பிக்கை. அதே சமயம் ஒரு மனுஷன் போடும் ஒரு மெயிலில் உலகத்தின் ரூட் திசை மாறலாம் என்றால், அது எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும் பயப்பட வேண்டிய டிசைன்தான். சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் என்று எக்ஸாமில் எழுதுகிறோமே, அது.

அது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருஷம் முழுக்க, தன் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்க ஒரு நிறுவனத்தை உருவாக்கும் வேலையில் இருந்தார். 1998 செப்டம்பரில் ஐகேன் பதிவானது. அடுத்த மாதம், அக்டோபர் 16 அன்று, இதய ஆபரேஷனுக்குப் பின் வந்த சிக்கலில் லாஸ் ஏஞ்சலஸில் போஸ்டல் இறந்துபோனார். வயது 55. ஸ்கூல் காலத்து நண்பர் செர்ஃப் எழுதிய இரங்கல், ஆர்எஃப்சி 2468 என்ற நம்பரோடு அதே வரிசையில் வெளியானது. இந்தத் தடவை அதை அவர் எடிட் பண்ணவில்லை.

நம்ம லேப்புக்கு வருவோம்

போர்ட் லிஸ்டை ஆர்எஃப்சியாக வெளியிட்டது 1994ல் வந்த ஆர்எஃப்சி 1700 தான் கடைசி. இப்போ அது ஆன்லைன் டேட்டாபேஸ். புது நம்பர் வேணும்னா விண்ணப்பம், நிபுணர் பரிசீலனை எல்லாம் உண்டு. மறுநாளே பதில் வராது. அது நல்லதுக்குத்தான்னு நினைக்கிறேன்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. போர்ட் 25ல மெயில்தான் ஓடணும்னு எந்த மெஷினும் நம்மளைக் கட்டாயப்படுத்தாது. ரூட் பாஸ்வேர்ட் இருந்தா 25ல கேம் சர்வர் கூட ஓட்டலாம். எல்லாரும் ஒத்துக்கிட்டதாலதான் அது மெயில் போர்ட். ஒத்துக்கிட்டதுக்குக் காரணம், எழுதி வச்ச ஆள் தனக்குன்னு எதையும் எடுத்துக்காம, மறக்காம, 26 வருஷம் ஒழுங்கா எழுதினார்.

எங்க லேப்ல நடந்தது அதுக்கு நேர் எதிர். அந்த சீனியர் ஃபயர்வாலைத் திறந்தது தப்பில்ல. எந்த நம்பர், எதுக்காகன்னு எழுதி வைக்காம பாஸ் அவுட் ஆனதுதான் தப்பு. இப்போ சர்வர் ரேக் பக்கத்துல ஒரு 80 பக்க நோட்டு கட்டித் தொங்குது. முதல் பக்கத்துல என்எஃப்எஸ் 2049, போர்ட்மேப்பர் 111, மவுன்ட்டுக்கு நாங்க நிரந்தரமா வச்ச நம்பர், தேதி, ஏன் வச்சோம்னு எழுதியிருக்கு. வெர்ஷன் 4க்கு மாத்தினா 2049 மட்டும் போதும்னும் எழுதி வச்சிருக்கோம், அடுத்த பேட்ச் பார்த்துக்கட்டும்.

ஜூனியர்ஸ், நீங்க சர்வர்ல எதையாவது மாத்தினா தயவுசெஞ்சு அந்த நோட்டுல ஒரு வரி எழுதுங்க. பேனா லேப் அண்ணாகிட்ட இருக்கு.